ஓய்வும் விளையாட்டும் யாருடைய உரிமை?

(மாடம்பாக்கத்தில் இளைஞர்கள் ஏற்பாடு செய்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை இங்கே பேச அழைத்த தம்பி, "அண்ணே, நீங்க விளையாட்டு, உடற்பயிற்சி, ஓய்வு இதைப் பத்திப் பேசுங்க" என்றார். பக்கத்தில் நின்ற இன்னொரு தம்பி, "ஆணவக் கொலையைப் பத்திப் பேச வேண்டிய மேடையில விளையாட்டா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பத்தொன்பது வருடமாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பள்ளிக்கூடத்திலும் இதே கேள்வியை வேறு மாதிரி கேட்பார்கள். "பத்தாவது பசங்களுக்கு எதுக்கு சார் பி.டி. பீரியட்? அதைக் கணக்குக்குக் குடுத்துடுங்க" என்பார்கள். முக்கியமான வேலை எல்லாம் முடிந்து நேரம் மிஞ்சினால் விளையாடலாம் என்பதுதான் இரண்டு கேள்விக்கும் உள்ளே இருக்கும் எண்ணம். அந்த மிச்ச நேரம் யாருக்கு மிஞ்சுகிறது, யாருக்கு எப்போதும் மிஞ்சுவதே இல்லை என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடையில் சாதி வரும்.

சாதி என்பது கோயில் நுழைவும் கல்யாணமும் மட்டும் என்று நினைத்தால் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம். யாருடைய உடம்பு உழைக்க வேண்டும், யாருடைய உடம்பு உட்கார வேண்டும் என்று பிரித்து வைத்த ஏற்பாடு அது. உழைக்கிற உடம்பு அசுத்தம், உட்கார்ந்திருக்கிற உடம்பு சுத்தம் என்றும் சொல்லி வைத்தார்கள். சூத்திரனுக்கு விதிக்கப்பட்டது ஊழியம் மட்டுமே என்று மனு எழுதி வைத்தபோது, அவனுக்கு ஓய்வு என்ற ஒன்று தேவைப்படும் என்கிற நினைப்பே அதில் இல்லை. அவனுக்கும் கீழே தள்ளப்பட்டவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அண்ணல் அம்பேத்கர் இதைக் கூர்மையாகப் பார்த்தவர். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று அவர் 1945இல் எழுதிய நூலில், இயந்திரங்களை வேண்டாம் என்ற காந்தியின் கருத்தை எதிர்க்கும்போது, ஓய்வைத்தான் அடிப்படையாக வைத்துப் பேசுகிறார். வயிற்றுப்பாட்டுக்காக மட்டுமே நாள் முழுவதும் உழைக்கிற மனிதனுக்குப் படிக்க, யோசிக்க, பண்பாட்டை உருவாக்க நேரம் கிடைக்காது. இயந்திரம் அந்த நேரத்தைக் கொடுக்கும், ஆகவே அது வேண்டும் என்பது அவர் வாதம். அவ்வளவு வேலைக்கு நடுவில், முதிய வயதில் வயலின் கற்றுக்கொள்ள உட்கார்ந்தவர் அவர். அந்த வயலினைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

"உழைக்கிறவனுக்கு எதுக்கு எக்சர்சைஸ்?"

இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். மூட்டை தூக்குகிறவருக்கு ஜிம் எதற்கு, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்கு வாக்கிங் எதற்கு என்பார்கள்.

என் அம்மா சித்தாள் வேலை செய்தவர். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வரைக்கும் இப்போது எழும்பி நிற்கிற பல கட்டடங்களுக்கு அவர் தலையில் கலவை ஏறியிருக்கிறது. நாற்பத்தைந்து வயதில் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஒரு மருத்துவமனையில் டாக்டர், "தினமும் கொஞ்சம் நடங்கம்மா, உடம்புக்கு அசைவு வேணும்" என்றார். அம்மா என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். "சார், நான் நடந்துதான் வந்தேன்" என்றார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன். டாக்டர் சொன்னதும் சரி, அம்மா சொன்னதும் சரி. அப்படியானால் நடுவில் எங்கே உதைக்கிறது?

இதற்கு அறிவியலில் பதில் இருக்கிறது. டென்மார்க்கில் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மேன் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்கிறவர்களும் பல ஆண்டுகளாக ஒரு விஷயத்தை ஆராய்கிறார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பதும், வேலையில் உடம்பை அசைப்பதும் ஒரே பலனைத் தருகின்றனவா என்பதே அவர்கள் கேள்வி. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்து 2021இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஓய்வு நேரத்தில் அதிகம் இயங்குகிறவர்களுக்கு இதய நோய் ஆபத்து குறைவாக இருந்தது. வேலையில் அதிகம் இயங்குகிறவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. இதற்கு அவர்கள் சொல்லும் விளக்கம் நமக்கு நன்றாகவே புரியும். விளையாடும்போது இதயம் கொஞ்ச நேரம் வேகமாகத் துடிக்கும், பிறகு இளைப்பாறும். களைத்தால் நீங்களே நிறுத்தலாம். மூட்டை தூக்கும்போது எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறியே இருக்கும். ஒரே தசை, ஒரே மூட்டு திரும்பத் திரும்பத் தேயும். நிறுத்தலாமா என்பதை மேஸ்திரிதான் முடிவு செய்வார். மறுநாள் காலைக்குள் உடம்பு தேறுவதற்கான தூக்கமும் சாப்பாடும் கிடைக்காது.

ஆகவே உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. என் அம்மாவுக்குத் தேவைப்பட்டது கூடுதல் நடை இல்லை. தலையில் சுமை இல்லாத நடை. தன் விருப்பத்துக்கு நடந்து, தன் விருப்பத்துக்கு நிற்கிற நடை. "உழைக்கிறவனுக்கு எதுக்கு எக்சர்சைஸ்" என்று யாராவது சொன்னால், அந்த உடம்பு உழைப்பதற்கு மட்டும்தான் படைக்கப்பட்டது என்று அவர் நினைக்கிறார் என்று பொருள். அது பழைய வருண தர்மம்தான்.

எட்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது

ஓய்வு தானாகக் கிடைத்ததில்லை. 1923 மே 1 அன்று சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் இதே சென்னையில், கடற்கரையில், இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரத் தூக்கம் என்று உலகமெங்கும் தொழிலாளர்கள் எழுப்பிய கோரிக்கையின் நாள் அது. 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார் அம்பேத்கர். அவர் அந்தப் பொறுப்பில் இருந்த காலத்தில் கொண்டுவரப்பட்ட 1946ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம், வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த உச்சவரம்பை 48 ஆகக் குறைத்தது.

வென்றதைத் திருப்பி எடுக்கவும் முயற்சி நடந்தபடியே இருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் சட்டத் திருத்தம் நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலேயே நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே நாளன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சரியாக மே தின நூற்றாண்டில் நடந்தது இது. உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட கணக்குப்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ததால் பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016இல் மட்டும் உலகில் 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற டெலிவரி வேலை பார்க்கும் தம்பிகள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வண்டியில் இருக்கிறீர்கள் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். உங்களுக்கு மேஸ்திரி இல்லை, செயலி இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓய்வு கிடைக்காத இடத்தில், ஓய்வு மாதிரி இருக்கிற ஒன்றை அரசே கடை வைத்து விற்கிறது. நம் தெருக்களில் டாஸ்மாக்குக்குப் போகிறவர்களை நான் கேவலமாகப் பேச மாட்டேன். பத்து மணி நேரம் கம்பி கட்டிவிட்டு வருகிறவர், தன் உடம்பு தன்னுடையது என்று உணர அரை மணி நேரம் தேடுகிறார். அவருக்குப் பக்கத்தில் ஒரு கேரம் போர்டும், விளக்கு எரிகிற ஒரு கிரவுண்டும், கால் நீட்டி உட்கார ஒரு மேடையும் இருந்தால் எல்லோரும் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லவில்லை. தேர்ந்தெடுக்க வேறு ஒன்றாவது இருக்கும் என்கிறேன்.

இடம் யார் கையில்?

விளையாட நேரம் வேண்டும், இடமும் வேண்டும். சென்னையில் இடத்தின் கதை என்ன? மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846இல் தொடங்கியது. ஜிம்கானா கிளப் 1884இல் தொடங்கியது. வெள்ளையர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்டவை அவை. வெள்ளையர் போன பிறகு உள்ளே போனது யார்? 2014இல் சேப்பாக்கத்தில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அதற்காக அரசு தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. நீதிபதிக்கே இந்தக் கதி என்றால், அந்த மைதானத்தில் புல் வெட்டுகிறவரின் மகன் அங்கே பந்து போட முடியுமா? கிண்டி ரேஸ் கோர்சில் 160 ஏக்கருக்கு மேல் அரசு நிலம், 99 ஆண்டுக் குத்தகையில் இருந்தது. 730 கோடி ரூபாய் வாடகை பாக்கி என்று சொல்லி 2024 செப்டம்பரில்தான் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தைக் கையில் எடுத்தது. குதிரைகள் ஓட 160 ஏக்கர் வைத்திருந்த நகரம், தன் நடுவில் இருந்த குடிசைகளை எடுத்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சதுப்பு நிலத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோய் அடுக்கியது. பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், எட்டு மாடிக் கட்டடங்கள். அங்கே போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நின்று, குழந்தைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று பாருங்கள். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில், நிற்கிற வண்டிகளுக்கு இடையில் விளையாடுகிறார்கள்.

நம் மாடம்பாக்கத்துக்கு வருவோம். சோழர் காலக் கோயிலும் பெரிய ஏரியும் இருக்கிற பழைய ஊர் இது. ஊர் என்றால் ஊரும் சேரியும்தான். வயல் இருந்தபோது அறுவடை முடிந்த நிலம்தான் எங்கள் கிரவுண்டு. சடுகுடு, கில்லி, கிரிக்கெட் எல்லாம் அங்கேதான். வயல் பிளாட் ஆனது, பிளாட் நகர் ஆனது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பேரூராட்சியாக இருந்த மாடம்பாக்கமும் அதில் சேர்ந்தது. வரி கூடியது, ரோடு வந்தது. அறுவடை நிலம் மட்டும் திரும்ப வரவில்லை. நிலம் வாங்கியவர்களுக்கு மொட்டை மாடியும் கார் நிறுத்தும் இடமும் கிடைத்தது. நிலமே இல்லாமல் அந்த வயலில் கூலி வேலை செய்தவர்களுக்கு, வேலையும் போனது, விளையாடிய இடமும் போனது.

ஏரிக்கரையில் காலையில் நடக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். நல்ல விஷயம், நானும் நடக்கிறேன். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டமும் தொடங்கியது. ஆனால் ஒரு நடைபாதையில் யார் நடக்கிறார்கள், யார் பெருக்குகிறார்கள் என்று பாருங்கள். பல இடங்களில் பூங்காவுக்குக் கதவு உண்டு, கதவுக்கு நேரம் உண்டு. காலை ஐந்து முதல் எட்டு, மாலை நான்கு முதல் எட்டு என்று வைத்திருப்பார்கள். வீட்டு வேலைக்குப் போகிற அக்கா வேலையில் இருக்கிற நேரம் அது. "பந்து விளையாடக் கூடாது" என்ற பலகையும் மாட்டியிருப்பார்கள். நடைக்கு இடம் உண்டு, ஓட்டத்துக்கு இல்லை. நாற்பது வயதுக்கு மேற்பட்ட நடுத்தர வர்க்கத்தின் ஆரோக்கியத்துக்கு அங்கே இடம் உண்டு, பதினைந்து வயது சேரிப் பையனின் கால்களுக்கு இல்லை. நாலு பையன்கள் சேர்ந்து நின்றாலே "எந்தத் தெரு பசங்க?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மகாத் சவுதார் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொது நீர்நிலைகள் எல்லோருக்கும் உண்டு என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் 1924இல் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. காகிதத்தில் திறந்திருந்த குளத்தில் இறங்கித் தண்ணீர் குடிக்க, 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடக்க வேண்டியிருந்தது. பிறகு அவர் தலைமையில் எழுதப்பட்ட அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவில் குளம், கிணறு, சாலையோடு பொதுப் பொழுதுபோக்கு இடங்களும் மக்கள் கூடும் பொது இடங்களும் சேர்க்கப்பட்டன. பொழுதுபோக்கு என்ற சொல் அங்கே சும்மா வரவில்லை.

வெளிநாட்டிலும் இதே கதை உண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஜாக்சன் என்ற நகரம். பொது நீச்சல் குளங்களில் கறுப்பின மக்களையும் அனுமதிக்க வேண்டும் என்ற நிலை வந்தது. அந்த நகராட்சி என்ன செய்தது தெரியுமா? தன் குளங்களை மூடிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1971இல் மூடியது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. உன்னோடு சேர்ந்து குளிப்பதைவிட நானும் குளிக்காமல் இருப்பேன் என்கிற மனநிலை அது. நம் ஊரில் அதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

"விளையாட்டில் சாதி இல்லை"

என் துறையில் இதைத்தான் அதிகம் சொல்வார்கள். பல்வங்கர் பாலுவின் கதையைத் தெரிந்துகொண்டு பிறகு சொல்லட்டும். தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளையர்களின் கிளப்பில் மைதான வேலைக்காரராக இருந்து, வலையில் அவர்களுக்குப் பந்து போட்டே பெரிய சுழற்பந்து வீச்சாளர் ஆனவர். இந்துக்கள் அணிக்கு அவர் பந்துவீச்சு வேண்டியிருந்தது. ஆகவே மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனியாக, மண் குவளையில் தேநீர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக 114 விக்கெட் எடுத்தார். அவருக்கு எடுத்த பாராட்டுக் கூட்டங்களில் ஒன்றில் இளைஞரான அம்பேத்கரும் பேசியிருக்கிறார். இவ்வளவுக்குப் பிறகும் பாலுவுக்கு இந்துக்கள் அணியின் தலைமை கிடைக்கவில்லை. அதைக் கேட்டு அவருடைய தம்பிகள் அணியிலிருந்தே விலகினார்கள். 1923இல் தம்பி விட்டல் தலைவரானார். பந்தைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் குவளையையும் தலைமையையும் பகிர மாட்டார்கள் என்பதுதான் அந்தக் கதை.

அது அந்தக் காலம் என்பீர்கள். 2021 ஆகஸ்ட், டோக்கியோ ஒலிம்பிக். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் வந்தனா கட்டாரியா. அரையிறுதியில் இந்தியா தோற்ற அன்று ஹரித்வார் அருகே அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்று திட்டினார்கள் என அவர் குடும்பம் புகார் கொடுத்தது. இன்னும் பக்கத்தில் வாருங்கள். 2025 மார்ச், தூத்துக்குடி மாவட்டம், ஸ்ரீவைகுண்டம் பக்கம். தேர்வு எழுதப் பேருந்தில் போன பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவனை இறக்கி வெட்டினார்கள். அவன் விரல்கள் துண்டாகின. கபடியில் அவன் அணி ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். ரெய்டு போகிற கையை வெட்டினால் பேனா பிடிக்கிற கையும் சேர்ந்து போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இவ்வளவு கொடூரமாக நடக்காது. மென்மையாக நடக்கும். நன்றாக ஓடுகிற பையனைப் பார்த்து, "உங்க ஆளுங்களுக்கு உடம்பு இயல்பாவே அப்படி, எங்க பசங்களுக்கு படிப்பு வரும்" என்பார்கள். பாராட்டு மாதிரியே இருக்கும். உடம்பு உனக்கு, மூளை எனக்கு என்கிற பழைய பங்கீடு அது. அவன் ஓடுவதற்குக் காரணம் சாதி இல்லை. காலை ஐந்தரை மணிக்கு எழுந்து வருவதுதான் காரணம். அந்த ஐந்தரை மணியை அவன் கணக்கில் வரவு வைக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

பதக்கத்துக்கு அப்பால்

நம்மிடம் கொண்டாட வேண்டியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் நம் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். விலாசம் சொன்னால் வேலை கொடுக்கத் தயங்குகிற கண்ணகி நகரின் பெயரை நாடே சொன்னது. வியாசர்பாடியில் மூன்று சக்கர வண்டி ஓட்டும் தொழிலாளியின் மகள் இளவழகி 2008இல் கேரம் உலக சாம்பியன். வடசென்னையில் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024இல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இட ஒதுக்கீடும் இருக்கிறது, அதை விடாமல் பிடிக்க வேண்டும்.

ஆனால் ஆசிரியராக ஒன்று சொல்கிறேன். என்னிடம் விளையாடிய நூறு பிள்ளைகளில் மாநில அளவுக்குப் போவது ஒருவரோ இருவரோதான். மீதித் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு விளையாட்டு எதற்கு? ஏழைப் பிள்ளை விளையாடினால் உடனே "மெடல் வாங்குமா, வேலை கிடைக்குமா" என்று கேட்கிறோம். பணக்கார வீட்டுப் பிள்ளை டென்னிஸ் விளையாடினால் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அது சும்மா விளையாடலாம். நம் பிள்ளைகளுக்கும் சும்மா விளையாடும் உரிமை வேண்டும். தோற்று, சிரித்து, முட்டி சிராய்த்து, இருட்டிய பிறகு வீட்டுக்கு வருகிற உரிமை. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் இயக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பதக்கம் வாங்கப்போகிறவர்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை.

இதில் பெண்கள் எங்கே? இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் போதிய உடல் இயக்கம் இல்லை என்று 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு சொன்னது. ஆண்களில் 42 விழுக்காடு, பெண்களில் 57. ஏன் என்பதற்கு வேறொரு கணக்கு இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் ஒன்றிய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். இங்கே புரட்சி பேசுகிற தோழர்கள் வீட்டிலும் இதே கணக்குதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் தங்கச்சிகள் வயதுக்கு வந்த அன்றோடு விளையாட்டை நிறுத்திவிடுகிறோம். சாதியைக் காப்பாற்றப் பெண்ணின் உடம்பைப் பூட்டி வைக்க வேண்டும் என்பதுதான் அகமண முறையின் விதி. தெருவில் ஓடுகிற பெண்ணைப் பார்த்துப் பதறுகிறவர்களும், அவள் வேறு சாதிப் பையனைக் காதலித்தால் வெட்டுகிறவர்களும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள்தான். ஆகவே அந்தத் தம்பியின் கேள்விக்கு இது பதில்: ஆணவக் கொலையைப் பற்றித்தான் தம்பி பேசிக்கொண்டிருக்கிறேன்.

என்ன செய்யலாம்?

பேசிவிட்டுக் கலைந்துபோகக் கூடாது. சில வேலைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, இடம். தமிழ்நாட்டின் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் நிலத்தை மனைப்பிரிவாகப் பிரித்தால், சாலை போக மிச்சத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். நம்மைச் சுற்றி இத்தனை நகர்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொரு நகரின் வரைபடத்திலும் அந்த நிலம் எங்கே, இன்று அது எப்படி இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு ஒரு பட்டியல் தயாரிப்போம். அதைப் பகுதி சபையில் வைப்போம். 2022 நவம்பர் 1 அன்று முதலமைச்சர் நம் மாநகராட்சியின் பம்மலில் வந்து உட்கார்ந்ததே, அதே பகுதி சபைதான். பூங்கா கேட்பவர்கள் அங்கே வந்து கேட்கிறார்கள். கிரவுண்டு கேட்க நாமும் போக வேண்டும். விளக்கு வேண்டும், பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும், இரவு ஒன்பது வரை திறந்திருக்க வேண்டும் என்று எழுதிக் கேட்போம்.

இரண்டாவது, பி.டி. பீரியட். உங்கள் தம்பி தங்கைகளின் பள்ளியில் அது நடக்கிறதா என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். வசதியுள்ள பிள்ளைக்கு மாலையில் கோச்சிங் அகாடமி உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த நாற்பது நிமிடம்தான் எல்லாம். அதைக் கணக்குக்குக் கொடுப்பது அவன் பங்கை எடுத்துக் கொடுப்பது.

மூன்றாவது, நம் அணிகள். தெருவுக்கு ஓர் அணி என்றால் சாதிக்கு ஓர் அணி என்றுதான் ஆகிறது. பனியன் நிறத்தில், கையில் கட்டும் கயிற்றில் சாதி வருகிறது. பள்ளிகளில் சாதிக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்று நீதிநாயகம் சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. நாம் நடத்தும் போட்டியில் தெரு வாரியாக அணி வேண்டாம், சீட்டுக் குலுக்கி அணி பிரிப்போம். நகர் பையனும் சேரிப் பையனும் ஒரே பக்கம் நின்று கைகோத்துப் பிடிக்கட்டும். கபடியில் பக்கத்தில் நிற்பவன் கையைப் பிடிக்காமல் சங்கிலி போட முடியாது. பாலுவின் மண் குவளையை நினைவில் வைத்து, தண்ணீருக்கு ஒரே சொம்பு வைப்போம்.

நான்காவது, பெண்களின் நேரம். வாரத்தில் இரண்டு மாலை கிரவுண்டு அவர்களுக்கு மட்டும். அந்த இரண்டு மாலையும் வீட்டில் சமைப்பது ஆண்கள். இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதி நடக்காது.

ஐந்தாவது, இயக்கத் தோழர்களுக்கு. இரவெல்லாம் போஸ்டர் ஒட்டி, டீயிலும் சிகரெட்டிலும் உயிர் வாழ்ந்து, முப்பத்தைந்து வயதில் சர்க்கரை நோயோடு நிற்பது தியாகம் இல்லை. நம்மைச் சீக்கிரம் சாகடிக்க இந்தச் சமூகம் ஏற்கெனவே போதுமான ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது, நாமும் உதவ வேண்டாம். தூங்குங்கள். நடங்கள். நண்பர்களோடு சும்மா உட்கார்ந்து பேசுங்கள். வயலினோ பறையோ எதையாவது கற்றுக்கொள்ளுங்கள். இந்தப் போராட்டம் நீண்டது, அதற்கு உடம்பு வேண்டும்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் கூடலாம். முதலில் ஒரு மணி நேரம் விளையாட்டு. பிறகு உட்கார்ந்து ஓ.எஸ்.ஆர். நிலத்துக்கான முதல் மனுவை எழுதுவோம். பேனாவும் பந்தும் நான் கொண்டு வருகிறேன்.

ஜெய்பீம்.